சினிபெஞ்ச்ல கல்லு மாதிரி நிக்குது, யூட்யூப் பார்த்தா ரீஸ்டார்ட் ஆகுது (5600எக்ஸ் ஓவர்கிளாக்)

கரூர்_கட்டர்

வணக்கம் மக்களே, நாலு நாளா மண்டை காயுது, யாராவது ஒரு வழி சொல்லுங்க.

கரூர்ல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். வீட்டு மாடில ஒரு ரூமு, அதுல தான் சிஸ்டம். ரைசன் 5 5600எக்ஸ் (ஏஎம்டியோட ஆறு கோர் சிபியூ), பி550 போர்டு, டிடிஆர்4 3600 ரெண்டு 16 ஜிபி ஸ்டிக், 120 எம்எம் ஃபேன் வச்ச டவர் கூலர், 650 வாட் எஸ்எம்பிஎஸ். வாங்கி மூணு வருஷம் ஆச்சு, ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. போன வாரம் தான் சும்மா இருக்க மாட்டாம ஒரு வீடியோவ பார்த்துட்டு பயாஸ்ல கைய வச்சேன். பிபிஓ (சிபியூவ தானா கூடுதல் ஸ்பீடுக்கு போக விடுற செட்டிங்) அட்வான்ஸ்டு, பவர் லிமிட் மதர்போர்டு இஷ்டத்துக்கு, பூஸ்ட் +200 மெகாஹெர்ட்ஸ், கர்வ் ஆப்டிமைசர் (கோருக்கு போற வோல்டேஜ குறைக்கிற செட்டிங்) ஆல் கோர் நெகட்டிவ் 30. வீடியோல அந்தாளு இதே தான் போட்டாரு, அவருக்கு ஜம்முனு ஓடுது.

எனக்கும் முதல்ல ஜம்முனு தான் ஓடுச்சு. சினிபெஞ்ச் ஆர்23 (சிபியூ வேகத்த அளக்குற டெஸ்ட்) ஸ்கோர் முன்னாடி 11,000 சொச்சம் வரும், இப்ப 11,900. பத்து நிமிஷ டெஸ்ட்ட மூணு தடவ ஓட்டினேன், சிபியூவ வாட்டி எடுக்குற பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட்ட ஒரு மணி நேரம் ஓட்டினேன், 88 டிகிரி வரைக்கும் போச்சு (ரூம்லயே 36, ஏசி கிடையாது) ஆனா விழல. சரி ஜெயிச்சாச்சுன்னு ஒரு ரிசப்ஷன் வீடியோவ ரெண்டர் போட்டேன், அதுவும் முழுசா முடிஞ்சுது. அப்புறம் சாப்பிட உக்காந்து யூட்யூப்ல ஒரு பழைய பாட்ட போட்டேன் பாருங்க, ரெண்டாவது இட்லிய பிக்கல, ஸ்கிரீன் கருப்பு, ரீஸ்டார்ட். ப்ளூ ஸ்கிரீன் கூட வரல.

அதுல இருந்து தினம் ரெண்டு தடவயாவது ஆகுது, அதுவும் வேலை கொடுத்தா ஆகல, சும்மா இருந்தா தான் ஆகுது. நேத்து டைம்லைன்ல முகூர்த்தம் சீன் கட் பண்ணி வச்சுட்டு டீ குடிக்க கீழ போயிட்டு வந்தா லாகின் ஸ்கிரீன் நிக்குது, சேவ் பண்ணாத இருபது நிமிஷ வேலை அம்போ. லோடு குடுத்தா நிக்குறது சும்மா இருந்தா ஏன் விழுது? இது எந்த ஊரு நியாயம்?

லோவோல்டேஜ்_லோகு

ப்ரோ ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 இருக்கான்னு பாருங்க, இருந்தா எஸ்எம்பிஎஸ் அவுட். இல்லன்னா யுபிஎஸ் பேட்டரி வீக். எங்க ஏரியால சாயங்காலம் கரன்ட் 180-க்கு இறங்கும், எனக்கும் இதே மாதிரி ஆச்சு, ஸ்டெபிலைசர் போட்டதும் நின்னுடுச்சு.

300ஏ_பெருசு

லோகு தம்பி, 41-ங்கிறது "மிஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சு"ன்னு விண்டோஸ் மறுபடி எழுந்ததும் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவு தான். ப்ளக்க புடுங்கினாலும் 41 தான் வரும். அத வச்சு எஸ்எம்பிஎஸ் மேல பழி போட முடியாது. கரன்ட் தான் பிரச்சனைன்னா பிரைம்95 ஓடும்போது தானே முதல்ல விழணும், அப்ப தானே சிஸ்டம் அதிகமா இழுக்குது.

கரூர் தம்பி, அதே ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல டபிள்யூஎச்இஏ-லாகர்னு ஒரு சோர்ஸ் இருக்கான்னு தேடு, ஹார்டுவேர் தப்பு அதுல தான் பதிவாகும். ஐடி 18-ஆ 19-ஆ, உள்ள எரர் டைப் என்ன போட்டிருக்கு, ப்ராசஸர் ஏபிஐசி ஐடின்னு எந்த த்ரெட்டுன்னு காட்டுற ஒரு நம்பர் இருக்கும், அது என்ன, இந்த மூணையும் சொல்லு. அதுவரைக்கும் எதையும் மாத்தாத, காசு கொடுத்து எதையும் வாங்காத.

கரூர்_கட்டர்

அண்ணே இருக்கு. ஆறு எண்ட்ரி. ஆறுமே ஐடி 18, கேஷ் ஹயரார்கி எரர். ஏபிஐசி ஐடி நாலு தடவ 4, ஒரு தடவ 5, ஒரு தடவ 6. இது என்ன ஜாதகம்?

300ஏ_பெருசு

ஜாதகமே தான், கட்டம் தெளிவா இருக்கு. 19-ம் பஸ் இன்டர்கனெக்ட் எரரும்னு வந்திருந்தா இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (சிப்புக்குள்ள கோரையும் ரேமையும் இணைக்கிற பாதை), அதாவது உன் 3600 ரேமுக்கு 1800-ல ஓடுற அதோட கிளாக் (எஃப்சிஎல்கே) பக்கம் சந்தேகப்பட்டிருப்பேன். 18, கேஷ் ஹயரார்கி, அதுவும் ஒரே நம்பர் திரும்பத் திரும்பன்னா அனேகமா ஒரு கோருக்கு வோல்டேஜ் பத்தல. ஒரு கோருக்கு ரெண்டு த்ரெட், அதனால 4-ம் 5-ம் ஒரே கோர், பூஜ்யத்துல இருந்து எண்ணினா கோர் 2. 6 வந்தது கோர் 3. சில 6 கோர் சிப்புல இந்த நம்பர் நடுவுல தாவும், அதனால இத சந்தேகமா மட்டும் வச்சுக்க, கீழ சொல்ற டெஸ்ட்ல உறுதி பண்ணிக்கலாம்.

இப்ப உன் கேள்விக்கு வரேன், சும்மா இருந்தா ஏன் விழுது. நாங்க ஓவர்கிளாக் பழகின காலம் வேற. 1998-ல வந்த செலரான் 300ஏ, மல்டிப்ளையர் (பஸ் ஸ்பீட பெருக்குற நம்பர்) 4.5-ல பூட்டி இருக்கும், பஸ்ஸ, அதாவது போர்டோட அடிப்படை கிளாக்க, 66-ல இருந்து 100 ஆக்கினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450-ல ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு வாங்கின அந்த சிப்பு ஞாபகமா தான் இந்த பேரே. அப்புறம் 2011-ல ஐ5 2500கே, பேஸ் 3.3 கிகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர 45-ன்னு போட்டா 4.5. இதுல எல்லாம் ஸ்பீடும் வோல்டேஜும் நாம ஆணி அடிச்ச இடத்துல நிக்கும், அதனால அதிகமா சூடு ஏத்துற டெஸ்ட்ட ராத்திரி பூரா ஓட்டி காலைல பாஸ்னா கிட்டத்தட்ட முடிஞ்சுது கதை. இன்னிக்கு வீடியோ போடுறவங்க பாதி பேர் அந்த பழக்கத்துலயே சினிபெஞ்ச ஓட்டி காட்டிட்டு "ஸ்டேபிள்"னு சொல்லிட்டு போயிடுறாங்க.

கர்வ் ஆப்டிமைசர் அப்படி இல்ல. பேர்லயே இருக்கு, அது ஒரு கோடு. இந்த ஸ்பீடுக்கு இவ்வளவு வோல்டேஜ்னு ஒவ்வொரு கோருக்கும் ஃபேக்டரில ஒரு கோடு போட்டு அனுப்புறான், நீ நெகட்டிவ் போட்டா அந்த கோடு கீழ இறங்குது, ஒரு படிக்கு 3-ல இருந்து 5 மில்லிவோல்ட். 30 படின்னா 90-ல இருந்து 150 மில்லிவோல்ட் வரைக்கும் உருவிட்டேன்னு அர்த்தம். ஆல் கோர் லோடுல சிப்பு என்ன பண்ணும், பவரும் சூடும் தடுக்குறதால 4.5, 4.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தான் நிக்கும், கோட்டுல அந்த இடத்துல ஃபேக்டரி விட்ட தாராளம் இருக்கு, நீ உருவினாலும் தாங்குது. யூட்யூப் பார்க்கும்போது ஆறு கோர்ல அஞ்சு தூங்குது, ஒண்ணே ஒண்ணு முழிச்சு எழுந்து அரை நொடிக்கு 4.85 வரைக்கும் பாயுது. 5600எக்ஸ் பாக்ஸ்ல போட்டிருக்கிறது 4.6, உள்ளுக்குள்ள 4.65, அதுக்கு மேல நீ போட்ட 200. கோட்டோட உச்சி அது, அங்க தாராளமே கிடையாது. நெறஞ்ச டவுன் பஸ்ஸு எவ்வளவு மிதிச்சாலும் நாப்பதுக்கு மேல போகாது, அதனால பள்ளத்துல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. காலி பஸ்ஸ தான் ஓட்டுநர் பறக்க விடுவாரு, கடைசி சீட்டுல உக்காந்தவனுக்கு தான் தெரியும்.

இன்னொரு விஷயம், இது நெறைய பேருக்கு தலைகீழா தோணும். சிப்புலயே நல்ல கோர் எதுவோ அதுக்கு தான் நெகட்டிவ் குறைவா போடணும். நல்ல கோர்னு ஃபேக்டரிலயே தெரிஞ்சு தான் அதுக்கு கம்மி வோல்டேஜ்ல கோடு போட்டிருக்கான், மேற்கொண்டு உருவ அங்க பெருசா ஒண்ணும் இல்ல. விண்டோஸும் ஒத்த வேலைய அந்த கோர் கிட்ட தான் முதல்ல கொடுக்கும். ஏஎம்டியோட ரைசன் மாஸ்டர் சாஃப்ட்வேர்ல ஸ்டார் போட்டு காட்டும், பாரு. உன் கோர் 2-ல ஸ்டார் இருக்கும்னு அடிச்சு சொல்றேன்.

செய்ய வேண்டியது: முதல்ல பிபிஓவ மொத்தமா ஆஃப் பண்ணிட்டு எக்ஸ்எம்பி (ரேம அதோட 3600 ஸ்பீடுல ஓட்டுற செட்டிங்) மட்டும் வச்சு மெம்டெஸ்ட்86-ங்கிற ரேம் டெஸ்ட்ட நாலு பாஸ் ஓட்டு. ரேம் சுத்தம்னு தெரியாம சிபியூவ நோண்டினா எது எதால விழுதுன்னு ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் பூஸ்ட் +200-அ +100 ஆக்கு. லிமிட்ட மதர்போர்டுக்கு விடாத, அது வீட்டு மெயினயே தொறந்து விட்ட மாதிரி, ஸ்டாக்ல 76 வாட் தான் பிபிடி (சிபியூ இழுக்கக் கூடிய பவரோட வரம்பு), உன் கூலருக்கும் கரூர் வெயிலுக்கும் 100 வாட்டுக்குள்ள கையால போடு, ஸ்கோர்ல பெருசா இழப்பு இருக்காது, 88 டிகிரி மட்டும் கணிசமா இறங்கும். கடைசியா ஆல் கோர எடுத்துட்டு பெர் கோர் போடு, ஸ்டார் கோருக்கு -5, அடுத்த நல்ல கோருக்கு -10, மத்ததுக்கு -20-ல ஆரம்பி.

டெஸ்ட்டுக்கு கோர்சைக்ளர்னு ஒரு இலவச ஸ்கிரிப்ட் இருக்கு, உள்ள பிரைம்95 தான் ஓடும் ஆனா ஒரு நேரத்துக்கு ஒரே கோர்ல ஒரே த்ரெட்ல. எஸ்எஸ்இங்கிற லேசான கணக்கு மோடுல விடு, ஏவிஎக்ஸ்ங்கிற கனமான மோடு வேண்டாம், ஏவிஎக்ஸ் சூடேத்தி ஸ்பீட இறக்கிடும், நமக்கு ஸ்பீடு உச்சில நிக்கணும். கோருக்கு 6 நிமிஷம், ஆறு கோருக்கு ஒரு ரவுண்டு 36 நிமிஷம், ராத்திரி 8 மணி நேரம் விட்டா 13 ரவுண்டு. எந்த கோர் தப்பு கணக்கு போடுதோ அத பேரோட காட்டிடும், அந்த கோருக்கு மட்டும் 3, 4 படி பூஜ்யத்து பக்கமா கூட்டு. பயாஸ்ல தப்பா எதையோ போட்டு பூட்டே ஆகலன்னா பயப்படாத, கிளியர் சிமாஸ் ஜம்பர், இல்லன்னா அந்த சிஆர்2032 செல்ல கொஞ்ச நேரம் கழட்டி வை.

டொரொண்டோ_தம்பையா

பெருசு சொன்னது அவ்வளவும் சரி. ஒண்டு சேர்த்துச் சொல்லுறன், நான் பட்டு விளங்கின விசயம். நான் இருக்கிறது பேஸ்மெண்டில. ஜூலை மாசம் நல்ல வெக்கைக்குள்ள 5800எக்ஸுக்கு உப்பிடித்தான் ஒவ்வொரு கோராப் பாத்துப் பாத்து வச்சனான், ரெண்டு நாள் கோர்சைக்ளர் விட்டு எல்லாம் பாஸ். ஆறு மாசம் ஒரு பிரச்சினையும் இல்ல. ஜனவரி விடியக்காலம், கீழ 15 டிகிரி, கொம்பியூட்டரப் போட்டு அஞ்சு நிமிசத்தில ரீஸ்டார்ட். அடுத்த நாளும் அப்பிடித்தான். பத்து மணிக்குப் பிறகு ஹீட்டர் போட்டு அறை சூடானாப் பிறகு ஒண்டுமில்ல.

குளிர் சிப்புக்கு நல்லதெண்டு தானே எல்லாரும் சொல்லுவினம், எனக்கு முதல் விளங்கேல்ல. பிறகு ஸ்பீடும் சூடும் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோவில பாத்தாத் தான் தெரிஞ்சது, குளிருக்குள்ள அது கோடைய விடக் கூடின ஸ்பீடுக்குப் போகுது, நான் டெஸ்ட் பண்ணாத இடத்துக்கு. உங்களுக்கு இப்ப கத்திரி வெய்யில் எண்டால் இப்ப பாஸாகிற நம்பரில இன்னும் ரெண்டு மூண்டு படி விட்டு வையுங்கோ, மார்கழியில ஏசாமல் இருக்கலாம்.

மற்றது, கோர்சைக்ளர் பாஸாகினாலும் ஒரு இரவு முழுக்க ஒண்டும் செய்யாமல் டெஸ்க்டொப்பில சும்மா விட்டுப் பாருங்கோ, ஸ்லீப்பில போட்டு எழுப்பியும் பாருங்கோ. எனக்கு எழும்பேக்க தான் கனதரம் விழுந்தது.

ஸ்டாக்_சாமியார்

எல்லாம் சரிங்க, ஒரு கேள்வி, இவ்வளவு பாடும் எதுக்கு? 11,000-ல இருந்து 11,900, எட்டு சதவீதம். ஒரு மணி நேர ரெண்டர்ல அதிகபட்சம் நாலஞ்சு நிமிஷம் மிச்சம், அதுலயும் ரிசால்வ் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர் பாதி வேலைய கிராஃபிக்ஸ் கார்டு கிட்ட தள்ளிடும். நாலஞ்சு நிமிஷத்துக்காக இருபது நிமிஷ வேலைய தொலைச்சிருக்காரு. வாரண்டி கதையும் இருக்கு, பிபிஓ போட்டு சிப்புக்கு ஏதாவது ஆச்சுன்னா கவர் ஆகாதுன்னு ஏஎம்டி தானே சொல்லி வச்சிருக்கு.

வோல்டேஜ் விளையாட்டு இல்லங்க. அதே ஸ்பீடுல 1.2 வோல்ட்ட 1.3 ஆக்கினாலே சூடு 17 சதவீதம் ஏறும், வோல்டேஜ் ஸ்கொயர்ல கணக்கு போடணும். இன்டெல் 13, 14-வது ஜெனரேஷன் கதை ஞாபகம் இருக்கா, அதுல ஜனங்க ஓவர்கிளாக் கூட பண்ணல, சிப்பே அதிக வோல்டேஜ் கேட்டு கேட்டு வாங்கி உள்ள தேஞ்சு போச்சு, 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129-னு ஒரு மைக்ரோகோடு (சிப்புக்கான அப்டேட்) விட்டு 1.55 வோல்ட்டுக்கு மேல கேட்கக் கூடாதுன்னு கட்டி வச்சாங்க, வாரண்டியும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க.

300ஏ_பெருசு

சாமியாரே, உங்க கவலை புரியுது, ஆனா ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க. இன்டெல் கதை வோல்டேஜ் ஏறினதால வந்தது, தம்பி இங்க வோல்டேஜ இறக்குறாரு, இறக்குறதால சிப்பு தேயாது, கணக்கு தப்பாகும், விழும், அவ்வளவு தான். அடிபடுறது டேட்டா. அது சிப்ப விட காஸ்ட்லிங்கிறது அவர் தொழில்ல உண்மை, அதனால டெஸ்ட் முடியுற வரைக்கும் கஸ்டமர் ஃபுட்டேஜ் இன்னொரு டிஸ்க்லயும் இருக்கணும்.

வோல்டேஜ ஏத்தி நானும் ஒரு சிப்ப கெடுத்திருக்கேன். 1.45 வோல்ட்ல ரெண்டு வருஷம் ஓட்டினேன், முதல்ல அதே ஸ்பீடுக்கு 1.46 கேட்டுச்சு, அப்புறம் 1.48, கடைசில ஸ்பீட இறக்குனா தான் நிப்பேன்னுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, செஞ்சது நான்.

எட்டு சதவீதம் தேவையான்னா, எனக்கு அந்த சதவீதத்த விட 88 டிகிரி 76-க்கு இறங்குறது பெருசு, மாடி ரூம்ல மே மாசம் உக்காந்து எடிட் பண்றவனுக்கு ஃபேன் சத்தம் குறைஞ்சாலே போதும்.

கரூர்_கட்டர்

எட்டு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும், நடுவுல மூணு முகூர்த்தம்.

ரேம் நாலு பாஸும் சுத்தம். ரைசன் மாஸ்டர தொறந்தேன், ஸ்டார் கோர் 2 மேல தான் இருக்கு அண்ணே, புல்லரிச்சுப் போச்சு. கோர்சைக்ளர பழைய -30 லயே ஒரு தடவ விட்டு பார்த்தேன், கோர் 2 வந்ததும் நாப்பது செகண்ட் கூட தாங்கல, அப்படியே ரீஸ்டார்ட். அதே சிப்பு தான் பிரைம்95-ல ஒரு மணி நேரம் நின்னுச்சு!

நீங்க சொன்ன நம்பர்ல ஆரம்பிச்சேன். கோர் 2 -5 பாஸ், பேராசைல -9 வச்சேன், ரெண்டாவது ராத்திரி நாலாவது ரவுண்டுல எரர். கோர் 3 -10 பாஸ். கோர் 4 எவ்வளவு உருவினாலும் கேள்வியே கேக்க மாட்டேங்குது, -28 வரைக்கும் போயிட்டேன். மத்த மூணும் -22-ல இருந்து -25-க்குள்ள. தம்பையா அண்ணன் சொன்னாருன்னு எல்லாத்துலயும் ரெண்டு மூணு படி திரும்ப விட்டுட்டேன், இப்ப கோர் 2 -3-ல நிக்குது. பூஸ்ட் +100, பிபிடி 95.

சினிபெஞ்ச் 11,650. ஸ்பீடு 4.75-ன்னு காட்டுறது நிஜமான்னு எச்டபிள்யூஇன்ஃபோல எஃபெக்டிவ் கிளாக்கயும் (கோர் நிஜமா ஓடின சராசரி ஸ்பீடு) பக்கத்துல வச்சு பார்த்தேன், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா தான் ஓடுது. முன்னாடி -30-ல அது 100, 150 மெகாஹெர்ட்ஸ் கீழ கிடந்துச்சு, அப்பவே சிப்பு திணறிட்டு இருந்திருக்கு, நான் தான் மேல இருந்த நம்பர மட்டும் பார்த்து சந்தோஷப்பட்டேன். டெம்பரேச்சர் 77. ராத்திரி சும்மா விட்டு பார்த்தேன், ஸ்லீப்ல போட்டு பத்து தடவ எழுப்பினேன், டபிள்யூஎச்இஏ ஒரு எண்ட்ரி கூட இல்ல. நேத்து அதே யூட்யூப் பாட்ட போட்டு நாலு இட்லியும் சாப்பிட்டு முடிச்சேன்.

சாமியார் அண்ணே, ரெண்டர்ல மூணு நிமிஷம் தான் மிச்சம், ஒத்துக்குறேன். லோகு ப்ரோ, எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு.

ஒண்ணே ஒண்ணு பெருசு அண்ணே, கோர் 2-வ -3-ல இருந்து -6 வச்சு பார்க்கலாமா? -5 ஏற்கனவே பாஸ் ஆச்சு தானே, ஒரு படி தானே?

300ஏ_பெருசு

ஆடி வரட்டும். அப்ப தான் உனக்கு டெலிவரி இருக்காது.